வழிவிடும் விளக்கு

அல் தைத், ஷார்ஜா
3 செப்டம்பர் 1996

தாஹிரா,

நான் நலம், நீ நலமா என்று எழுதினால் எழுத வேறொன்றும் இல்லை போலிருக்கிறது என்று கிண்டல் செய்வாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் ஒன்றும் இல்லை.

வண்டி நன்றாக ஓடுகிறது. லைசென்ஸ் எடுத்து மூன்று மாதம் ஆகிறது. ஐந்தாவது தடவைதான் எடுத்தேன் என்பதை ஊரில் யாரிடமும் சொல்லாதே. தலகங் – மியான்வாலி ரோட்டில் பதினொரு வருஷம் லாரி ஓட்டியவன் நான்கு தடவை ஃபெயில் ஆனான் என்றால் பேருந்து நிலையத்தில் சிரித்தே கொன்றுவிடுவார்கள்.

ஷார்ஜாவிலிருந்து மலையைத் தாண்டி ஃபுஜைராவுக்கு சிமெண்ட் மூட்டை ஏற்றிப் போகிறேன். வெள்ளை லாரி. நம் ஊர் லாரி போல வரைந்த ஒரு பூ கிடையாது, மயில் கிடையாது, முன்னால் தொங்க ஒரு சங்கிலி கிடையாது. கண்ணாடியில் மிஸ்பாவின் போட்டோவை ஒட்டியதற்கே மேஸ்திரி கத்தினான். இப்போது அதை சீட்டுக்கு மேலே, அவன் கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறேன்.

அறையில் ஆறு பேர். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. யூனுஸ் சமைக்கும் நாளில் மட்டும் கஷ்டம். சாலன் குழம்பில் தக்காளி போடாதே என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு வேலை செய். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும், அடுத்த வியாழக்கிழமை ஒரு அண்டா இனிப்புச் சோறு ஆக்கி உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடு. காரணம் எதுவும் இல்லை. பிள்ளைகள் சாப்பிடட்டுமே என்றுதான்.

பஷாரத்


தோக் மலிகான், தலகங்
16 செப்டம்பர் 1996

மிஸ்பாவின் அப்பாவுக்கு,

இனிப்புச் சோறு ஆக்கிக் கொடுத்துவிட்டேன். நாற்பத்தாறு பெண்பிள்ளைகள் சாப்பிட்டார்கள். "டீச்சர், என்ன விசேஷம்?" என்று கேட்டார்கள். "மிஸ்பாவோட அப்பாவுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு, அதுதான் விசேஷம்" என்றேன்.

நான்கு தடவை ஃபெயில் ஆனபோது எனக்காக துவா செய் என்று ஒரு வரி எழுதாத ஆள் நீங்கள். காரணம் இல்லாமல் ஒரு கப் டீகூட யாருக்கும் வாங்கிக் கொடுத்ததில்லை. இப்போது ஒரு அண்டா சோறு. அப்புறம் தக்காளி. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, பேச்சு நடக்கும்போதே ஒரு தட்டுத் தக்காளியை உப்பு போட்டுத் தின்று தீர்த்தவர் நீங்கள். உங்கள் அண்ணி இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார். அந்த ஆளுக்கு இப்போது தக்காளி ஆகாதாம்.

நான் ஒன்பது வருஷமாக மூன்றாம் வகுப்பு நடத்துகிறேன். தப்பு செய்த பிள்ளை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு வந்தால் கையெழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். வழக்கத்தைவிட அழகாக இருக்கும். உங்கள் கடிதம் ரொம்ப அழகாக இருக்கிறது.

உடம்புக்கு என்ன? வேலை போய்விட்டதா? அங்கே வேறு யாராவது? மூன்றாவதாக இருந்தால் எழுத வேண்டாம், நானே அடுத்த விமானத்தில் வந்துவிடுவேன்.

தலகங் டெலிபோன் கடைக்கு அழைக்க வேண்டாம். அங்கே பேசினால் முழு பஜாரும் டீயை வைத்துவிட்டு நம் பேச்சைக் கேட்கும். எழுதுங்கள். விளையாட்டாக எழுதினேனே தவிர விளையாட்டு இல்லை.

தாஹிரா


அல் தைத்
27 செப்டம்பர் 1996

தாஹிரா,

உன்னிடம் மறைக்க முடியாது என்று தெரிந்தும் மறைத்தேன். உட்கார்ந்து படி. நான் முழுசாக இருக்கிறேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி, மதியத் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம். மஸாஃபி ஏற்றத்தில் முழு லோடு சிமெண்டோடு ஊர்ந்துகொண்டிருந்தேன். இந்தப் பக்கம் ஒரு வண்டி, அந்தப் பக்கம் ஒரு வண்டி போகும் ரோடு அது. எனக்குப் பின்னால் ஒரு பிக்கப். இரண்டு மைலாகப் பின்னாலேயே வருகிறான். இரண்டு தடவை ஹாரன் அடித்தான்.

ஊரில் ஏற்றத்தில் பின்னால் ஹாரன் கேட்டால் நாம் என்ன செய்வோம்? எதிரே பார்ப்போம். ரோடு காலியாக இருந்தால் வலது விளக்கைப் போட்டு 'போய்யா' என்போம். பின்னால் வருகிறவனுக்கு எதிரே வருவது தெரியாது, நமக்குத்தான் தெரியும். இங்கே எல்லாம் தலைகீழ், வண்டி வலப்பக்கம் ஓடுகிறது. அதனால் இடது விளக்கு. எதிரே பார்த்தேன், காலி. கை தானாகப் போய் இடது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டது.

அவன் ஏறி வந்தான். என் கதவுக்கு நேரே வந்தபோது எதிரே ஒரு தண்ணீர் டேங்கர் தலை தூக்கியது. மழைத் தண்ணீர் ஓட ரோட்டைத் தாழ்த்திப் போட்டிருக்கிறார்கள், அந்தப் பள்ளத்துக்குள் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை தாஹிரா. நம் ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் எனக்குப் பாடம். இங்கே எனக்கு என்ன தெரியும் என்று அவனுக்கு வழி காட்டினேன்?

பிக்கப் இடப்பக்கம் ஒடித்து, ரோட்டை விட்டு இறங்கி, இரண்டு தடவை உருண்டது. தக்காளி லோடு. மணல் முழுக்க சிவப்பு. முதலில் அது தக்காளி என்று எனக்குத் தெரியவில்லை. ஓடிப்போனேன். ஓட்டியவன் நம்மாள். மியான்வாலிக்காரன், பெயர் அல்லா தித்தா, நாற்பத்தைந்து வயது இருக்கும். தொடை எலும்பு முறிந்து, விலா எலும்புகள் போய், நினைவில்லாமல் கிடந்தான்.

இதோடு நின்றிருந்தால் விபத்து. இனிமேல் வருவதுதான் நான் செய்த பாவம்.

போலீஸ் வந்தது. என் இடது விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சரியாக அந்த இடத்தில் இடப்பக்கம் கல் குவாரிக்கு ஒரு மண் பாதை பிரிகிறது. போலீஸ்காரர் விளக்கைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "லெஃப்ட்டுல திரும்பப் போனியா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

ஒரே ஒரு வார்த்தை. அதோடு எல்லாம் முடிந்தது. திரும்புகிற லாரியை முந்தப் போனான், தப்பு முழுக்க பிக்கப்காரன் மேல் என்று எழுதிக்கொண்டார்கள். எனக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார். அவன் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் லைசென்ஸை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிறார்கள்.

நான் மூன்றாவது தடவை ஃபெயில் ஆனது எதனால் என்று உனக்கு எழுதவே இல்லை. இதே விளக்குதான். பரீட்சை எடுக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே பின்னால் வந்த காருக்கு விளக்குப் போட்டுத் தொலைத்தேன். "இங்கே விளக்கு என்றால் திரும்புவது, வேறொன்றும் இல்லை" என்று அன்றைக்கே சொல்லி இறக்கிவிட்டார். தெரிந்தும் கை கேட்கவில்லை.

அறையில் எல்லோரும் ஒரே பேச்சு. யூனுஸ் சொல்கிறான்: "உஸ்தாத், வாயை மூடிக்கிட்டு இரு. அவன்தான் முந்தினான், நீயா முந்தினே? போலீஸே முடிச்சுட்ட கேஸை நீ எதுக்குத் திறக்கறே? உண்மையைச் சொன்னா உன் லைசென்ஸும் போச்சு, பொய் சொன்னதுக்கு ஜெயிலும் சேர்த்துக் குடுப்பாங்க." அவன் சொல்வதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

நீ சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

பஷாரத்


தோக் மலிகான்
8 அக்டோபர் 1996

மிஸ்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதலில் அல்லாவுக்கு நன்றி சொன்னேன், நீங்கள் முழுசாக இருப்பதற்கு. அப்புறம் உங்களை மனசாரத் திட்டினேன்.

யூனுஸ் சொல்வதைக் கேளுங்கள். வாயைத் திறக்காதீர்கள். இரண்டரை வருஷம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கி, நான்கு தடவை ஃபெயில் ஆகி எடுத்த லைசென்ஸ் அது. அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார், போதும். அவருக்காக ஐந்து வேளையும் துவா செய்கிறேன். நீங்கள் ஜெயிலுக்குப் போனால் நான் இங்கே யாரிடம் போய் நிற்பேன்? நான்கு மாதக் குழந்தையாக விட்டுப் போனீர்களே, அவள் இப்போது போட்டோவைப் பார்த்து "இது யாரு?" என்று கேட்கிறாள். நான் சுயநலக்காரிதான். இருந்துவிட்டுப் போகிறேன்.

தாஹிரா

11 அக்டோபர்

மேலே எழுதியதை நான் தபாலில் போடவில்லை. மூன்று நாளாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறேன். தபால் பெட்டி வழியில்தான் இருக்கிறது. இன்றைக்கு அதன் எதிரே நின்றுவிட்டுத் திரும்பி வந்து இதே தாளில் எழுதுகிறேன். கிழித்துப் போட்டிருக்கலாம். நான் முதலில் என்ன நினைத்தேன் என்பதும் உங்களுக்குத் தெரியட்டும், நான் ஒன்றும் பெரிய ஞானி இல்லை.

நம் கல்யாண பஸ் ஞாபகம் இருக்கிறதா? கல்லர் கஹார் ஏற்றத்தில் ஒரு சிமெண்ட் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். வெயில். எனக்கு அந்தக் கனத்த துப்பட்டாவுக்குள் மூச்சு முட்டியது. உங்கள் மாமா ஓட்டுநரைத் திட்டிக்கொண்டே இருந்தார். அந்த லாரிக்காரர் நான்கு வளைவு வரைக்கும் விளக்கே போடவில்லை. ஐந்தாவது வளைவில் போட்டார். நாம் தாண்டினோம். அப்போது நீங்கள் தலையில் கட்டியிருந்த பூச்சரத்தை விலக்கிக்கொண்டு என் பக்கம் குனிந்து ஏதோ சொன்னீர்கள். புருஷன் முதல் முதலாகப் பேசுகிறார், என்ன சொல்லப் போகிறாரோ என்று எனக்கு உடம்பெல்லாம் காது.

நீங்கள் சொன்னது இதுதான்: "பார்த்தியா, நாலு வளைவு அந்தாளு போடவே இல்ல. நாக்கு பொய் சொன்னா சமாளிச்சுக்கலாம். இந்த விளக்கு பொய் சொன்னா ஒரு பஸ்ஸு ஜனம் போயிடும்."

கல்யாணத்தன்று என்னிடம் பேசிய முதல் பேச்சு லாரி விளக்கைப் பற்றி. என் அக்காமார்களிடம் சொல்ல வெட்கப்பட்டு, "ரொம்ப அழகா இருக்கேன்னு சொன்னார்" என்று பொய் சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கு அன்றைக்கே உங்களைப் பிடித்துப்போனது அந்தப் பேச்சினால்தான்.

உங்கள் விளக்கு பொய் சொல்லவில்லை, தெரியாமல் சொன்னது. நாக்குதான் தெரிந்து சொன்னது. அந்த மியான்வாலிக்காரர் அந்த விளக்கை நம்பி வந்தார். நம்பி வந்தவரைத் திருடன் மாதிரி ஊருக்கு அனுப்பப் போகிறார்கள். நம் பஸ்ஸுக்கு வழிவிட்டவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. அவர் உங்களைப் போல இருப்பார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறேன்.

போய்ச் சொல்லிவிடுங்கள். ஜெயில் என்றால் ஜெயில். என் சம்பளம் இருக்கிறது, கடலைக் காடு இருக்கிறது. மிஸ்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எழுதிவிட்டேன். இப்போதே போய்ப் பெட்டியில் போட்டுவிடுகிறேன், மறுபடி மனசு மாறுவதற்குள்.

தாஹிரா


அல் தைத்
25 அக்டோபர் 1996

தாஹிரா,

முதலில் முடிவைச் சொல்கிறேன்: ஜெயில் இல்லை. மூச்சு விட்டுக்கொள். இப்போது முழுக் கதை.

உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே மனசு தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். காவலுக்கு இருந்த போலீஸ்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அல்லா தித்தா காலைத் தூக்கிக் கட்டிப்போட்டபடி படுத்திருந்தார். பெரிய மீசை, அதில் பாதியைக் காயத்துக்குத் தையல் போடச் சிரைத்துவிட்டார்கள். நான் யாரென்று சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"லாரிக்காரனா?"

"ஆமா, உஸ்தாத்."

"என் தக்காளி எல்லாம் என்ன ஆச்சு?"

"ஆடுங்க வந்து தின்னுடுச்சு" என்றேன். அது உண்மைதான், எங்கிருந்தோ முப்பது ஆடு வந்துவிட்டது.

"நல்ல தக்காளிய்யா அது" என்றார். சிரித்தார், விலா வலித்து நிறுத்தினார், மறுபடி சிரித்தார். நான் அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். இதை ஊரில் சொல்லாதே.

விளக்கு போட்டது நான்தான், உங்களை வரச் சொன்னதும் நான்தான், போலீஸிடம் திரும்பப் போனேன் என்று பொய் சொன்னேன் என்றேன். "தெரியுமே" என்றார். என்ன தெரியும் என்றேன்.

"ஏம்ப்பா, இருபது வருஷம் மியான்வாலியில வண்டி ஓட்டினவனுக்கு, எது திரும்பற விளக்கு, எது கூப்பிடற விளக்குன்னு தெரியாதா? நீ வேகத்தையே குறைக்கல. திரும்பறவன் குறைப்பான்."

"அப்போ போலீஸ்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உன் லைசென்ஸும் போகும். ரெண்டு பேரும் ஊருக்குப் போய் என்ன பண்றது? விளக்கையே பார்க்கலன்னு சொல்லிட்டேன். ஒருத்தனாவது ஓட்டட்டும். நீ வழி காட்டினே, அவ்வளவுதான். பிரேக் என் காலுக்குக் கீழே இருந்துச்சு, உன் காலுக்குக் கீழே இல்ல."

தாஹிரா, நான் ஆமாம் என்று பொய் சொன்னது என்னைக் காப்பாற்ற. அவர் பார்க்கவில்லை என்று பொய் சொன்னதும் என்னைக் காப்பாற்ற. அந்த அறையில் நிற்கவே கூசியது. போலீஸிடம் போகாதே என்று சத்தியம் வாங்கப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை, ஆனால் போகவும் இல்லை. இரண்டு நாள் வண்டியை ஓட்டிக்கொண்டு சும்மா இருந்தேன். அப்புறம் உன் கடிதம் வந்தது. முதல் பாதியைப் படித்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது பாதியைப் படித்துவிட்டு வண்டிச் சாவியை மேஸ்திரி மேஜைமேல் வைத்துவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனேன்.

அங்கே இருந்த அதிகாரிக்கு உருது நன்றாகவே வருகிறது. கராச்சியில் படித்தாராம். எல்லாவற்றையும் சொன்னேன். ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"அன்னிக்கு லெஃப்ட்டுல திரும்பறேன்னு சொன்னே. இப்போ இல்லைங்கறே. அப்போ எதுக்குய்யா விளக்கு?"

"பின்னாடி வந்தவரைப் போகச் சொல்லி, ஸாஹிப்."

"போகச் சொல்ல நீ யாரு? போலீஸா?"

"எங்க ஊருல லாரிக்காரங்க அப்படித்தான் ஸாஹிப்."

"உங்க ஊருல விளக்கு போட்டுக் கூப்பிடுவீங்க, அவனும் வருவான்? எதிர்ல என்ன வருதுன்னு பார்க்காம?"

"நம்பி வருவாங்க, ஸாஹிப்."

அப்புறம் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு என்னை மறுபடி முழுக்கச் சொல்லச் சொன்னார். அவர்கள் அரபியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்னை மாலை வரைக்கும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மேஸ்திரி வந்தான், அவன் என்னைத் திட்டியதில் சுவர் விரிசல் விடாதது அதிசயம். கடைசியில் ஃபைலைத் திருத்தி எழுதினார்கள். பள்ளம் இருக்கும் இடத்தில் முந்தியதற்கு அல்லா தித்தாவுக்கு அபராதம் மட்டும், லைசென்ஸ் அவரிடமே இருக்கும். கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த போலீஸ்காரர் அன்றைக்கே எழுந்து போய்விட்டார். என் லைசென்ஸை மூன்று மாதம் பிடித்து வைத்திருக்கிறார்கள், பிறகு பரீட்சையும் மறுபடி எழுத வேண்டும். ஆறாவது தடவை!

"பொய் சொன்னதுக்கு உன்னை உள்ளே வைக்கலாம். நீயா வந்ததால விடறேன்" என்றார் அதிகாரி. கதவு வரைக்கும் வந்தவனை மறுபடி கூப்பிட்டார். "லெஃப்ட் விளக்குன்னா என்ன?" என்றார். "லெஃப்ட்டுல திரும்பறது ஸாஹிப், வேற ஒண்ணும் இல்ல" என்றேன். "போ" என்றார்.

வெளியே வந்ததும் பசித்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாகப் பசி. எதிர்க்கடையில் ரொட்டியும் பருப்பும் வாங்கி, நின்றபடியே நான்கு ரொட்டி தின்றேன்.

இன்னும் ஒன்று. மேஸ்திரி சொல்கிறான்: "மூணு மாசம் உன்னை உட்கார வச்சு சோறு போட இது தர்காவா? ஊருக்குப் போயிட்டு பரீட்சைக்கு வா." பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டான். நவம்பர் பதினாறு, ராவல்பிண்டிக்கு விமானம்.

அல்லா தித்தா உனக்கு சலாம் சொன்னார். நீ எழுதியதை அவரிடம் சொன்னேன். "டீச்சரா? அதான்" என்றார்.

பஷாரத்


தோக் மலிகான்
6 நவம்பர் 1996

மிஸ்பாவின் அப்பாவுக்கு,

கடிதத்தை வகுப்பில் நின்றபடியே பிரித்துப் படித்தேன், வீடு வரைக்கும் பொறுக்க முடியவில்லை. முதல் வரியோடு நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். பிள்ளைகள் பயந்து தலைமையாசிரியையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். "யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டார். "இல்ல ஆபா, வர்றாங்க" என்றேன்.

திட்டுவதற்கு நிறைய சேர்த்து வைத்திருக்கிறேன். கடிதத்தில் எழுதி அதை வீணாக்கப் போவதில்லை. கடலை பிடுங்கியாகிவிட்டது, உடைக்கிற வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது. பிண்டியிலிருந்து வரும் பஸ்ஸில் ஓட்டுநர் பக்கத்தில் உட்காராதீர்கள், அவருக்கு யோசனை சொல்லியே உயிரை எடுப்பீர்கள். பின்னால் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே வாருங்கள்.

மிஸ்பாவிடம் போட்டோவைக் காட்டி, இவர் ஒரு பொய் சொன்னார், அப்புறம் தானே போய் உண்மையையும் சொன்னார், அந்த ஆள் வருகிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவளுக்குப் பொய்யும் தெரியாது உண்மையும் தெரியாது. "எப்போ வருவாரு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நீங்கள் வருகிற அன்றைக்குச் சாலனில் தக்காளி போடலாமா கூடாதா என்று கேட்க நினைத்தேன். பதில் வருவதற்குள் நீங்களே வந்துவிடுவீர்கள். போட்டுத்தான் சமைப்பேன். சாப்பிடுங்கள்.

தாஹிரா